யசோதர காவியத்தில் மாக்கோழியும் மீன்விருந்தும்

ஐஞ்சிறுகாப்பியங்கள் ஐந்தும் நம் ஆசிரியப் பெருமக்கள் தமிழுக்கு அளித்த கொடை. அவற்றுள் சூளாமணி கவிச்சுவையாலும் நீலகேசி வாதத்திறத்தாலும் புலவர்தம் நாவில் நிலைபெற்றன. யசோதர காவியமோ அளவிற் சிறியது. ஐந்து சருக்கங்களும் முந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட விருத்தங்களுமே உடையது. பாடத்திட்டங்களில் பெரும்பாலும் பெயரளவிலேயே நின்றுவிடுவது. ஆயினும் அதில் வரும் ஒரு காட்சியைப்போல் நெஞ்சை நடுக்குறச் செய்யும் காட்சி தமிழ்க் காப்பியம் வேறெதிலும் இல்லை என்பது என் கருத்து.

உச்சயினி அரண்மனையில் மன்னன் யசோமதி, மறைந்த தன் தந்தைக்குச் சிரார்த்தம் செய்கின்றான். சிப்பிரை ஆற்றிற் பிடித்த பெருமீன் ஒன்று அட்டிற்சாலைக்கு வருகின்றது. அதனை அறுத்துச் சமைத்துப் படைக்கின்றனர். உண்டவர்கள், இவ்வுணவின் பயனாக யசோதர மன்னன் துறக்கத்தில் இன்புறுக என வாழ்த்துகின்றனர். அறுபட்டுத் துடித்த அம்மீன்தான் யசோதரன். மகன் தந்தையின் பெயரால் தந்தையையே விருந்தாக்கினான். இதனைச் சூழ்ந்திருந்தோர் எவரும் அறியார்.

பெற்றோர் மக்களை உண்பதும், மக்கள் பெற்றோரை உண்பதும் உலகத் தொன்மங்கள் பலவற்றில் காணப்படுவனவே. யவனர் கதைகளில் இது மிகுதி. பழம்புலவர் ஹெசியட் பாடிய தெய்வ மரபு நூலில், குரோனஸ் என்னும் தெய்வம் தன் மகனொருவன் தன் ஆட்சியைக் கவர்வான் எனக் கேட்டு அஞ்சி, மனைவி ரியா பெற்ற குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குகின்றான். ஐந்து குழந்தைகள் அவ்வாறு போயின. ஆறாவது பிள்ளையாகிய ஜீயஸுக்கு மாற்றாகத் துணி சுற்றிய கல்லொன்றைக் கொடுத்துத் தாய் அவனைக் காத்தாள். ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா தம் முதுமையில், 1820ஆம் ஆண்டை ஒட்டி, தம் வீட்டுச் சுவரிலேயே இக்காட்சியைத் தீட்டினார். விழி பிதுங்கிய கிழவன் ஒருவன் தலையற்ற சிற்றுடலைக் கவ்வி நிற்கும் அவ்வோவியம் இன்று மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. யவனர் கதைகள் இன்னும் உள. அட்ரியஸ் தன் உடன்பிறந்தான் தயஸ்டஸின் மைந்தரைக் கொன்று சமைத்து அவனுக்கே விருந்திட்டான். புரோக்னி என்னும் அரசி, தன் தங்கைக்குக் கணவன் இழைத்த கொடுமைக்குப் பழியாகத் தன் வயிற்றிற் பிறந்த மகனையே சமைத்துக் கணவனுக்குப் படைத்தாள்.

இக்கதைகளில் உண்பவன் அறிந்து உண்கின்றான். அன்றேல், படைப்பவர் அறிந்து படைக்கின்றனர். அரியணை அச்சமோ பழிவாங்கும் வேட்கையோ இல்லாமல் அவ்விருந்துகள் நடப்பதில்லை. பந்தியில் ஒருவருக்கேனும் உண்மை தெரியும். உண்டு முடித்தபின் அவரே அதனை வெளிப்படுத்துவார். அதுவே கதையின் உச்சம். யசோதர காவியத்தில் அவ்வாறு வெளிப்படுத்துவார் எவரும் இலர். மன்னனுக்குத் தந்தைபால் பகை இல்லை. உண்மையான அன்பே உண்டு. அந்த அன்பினாலேயே அவன் மீனைக் கொல்கின்றான். இவ்வேறுபாடு சிறிதன்று. பிறர் கொடியோர் ஒருவரின் குற்றமாகக் கண்டதனை, நம் முன்னோர் நல்லோர் வீட்டு அன்றாட அடுப்பங்கரையிற் கண்டனர். (பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறு வேறொரு நோக்கில் எழுந்தது. அங்குத் தந்தை மகனை உண்ணவில்லை. மகனும் மீண்டு வருகின்றான். ஆதலின் அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.)

கதையை மறந்தவர்க்காகச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஔதய நாட்டு இராசபுரத்தில் மாரிதத்தன் என்னும் அரசன் சண்டமாரி தேவிக்குப் பலியிட, எல்லா உயிரினங்களிலும் இணை இணையாகச் சேர்க்கின்றான். மனித இணை ஒன்று குறைகின்றது. அவன் ஏவலன் சண்டகருமன், சுதத்தாசாரியரின் சங்கத்தைச் சேர்ந்த இளந்துறவியர் இருவரைப் பிடித்து வருகின்றான். அவர்கள் அண்ணனும் தங்கையுமாகிய அபயருசியும் அபயமதியும் ஆவர். பலிபீடத்தின்முன் நின்றும் அவர்கள் முகத்தில் அச்சம் இல்லை. அரசன் வியந்து காரணம் வினவ, அபயருசி தங்கள் பழம்பிறப்பைச் சொல்லத் தொடங்குகின்றான். காவியத்தின் பெரும்பகுதி அக்கூற்றேயாகும்.

உச்சயினியில் அசோகன் என்னும் மன்னன், தன் தலையில் ஒரு நரைமயிர் கண்டு துறவு பூண்டான். அவன் மகன் யசோதரன் அரசேற்றான். யசோதரனின் தேவி அமிர்தமதி, மகன் யசோமதி, தாய் சந்திரமதி. ஒருநாள் இரவு யானைப்பாகன் ஒருவன் பாடிய பண்ணைக் கேட்டு அமிர்தமதி அவன்பால் மனம் இழந்தாள். அவன் உருவத்தால் அருவருக்கத்தக்கவன். யசோதரன் ஒளிந்துசென்று உண்மையைக் கண்டான். வாளை உருவியவன், மனத்தை அடக்கி மீண்டான். மறுநாள் அவன் முகவாட்டம் கண்டு தாய் காரணம் கேட்டாள். மனைவியின் பழியைத் தாயிடம் சொல்ல நாணித் தீக்கனாக் கண்டதாகச் சொல்லிவிட்டான். கனவின் தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுக என்றாள் சந்திரமதி. கொல்லேன் என்றான் மகன். தாய் விடவில்லை. இறுதியில் இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். உயிர்க்கோழி வேண்டா; மாவினாற் கோழி செய்து அதனைப் பலியிடலாம் என்பதே அது. வண்ணம் தீட்டிய மாக்கோழியை அவன் வாளால் வெட்டினான். வெட்டுண்ட கோழி கூவி அலறியது. வாள் கையினின்று நழுவ யசோதரன் நடுங்கினான். தன் செயல் வெளிப்பட்டதென அஞ்சிய அமிர்தமதி, நஞ்சு கலந்த உணவால் கணவனையும் மாமியையும் கொன்றாள்.

இனி வருவனவே நம் பொருளுக்கு உரியவை. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, இருவரும் கையுறைப் பொருள்களாக உச்சயினி அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். மயில் அமிர்தமதியையும் அவள் கள்வனையும் ஒருங்கு கண்டு பழம்பிறப்பு உணர்ந்து பாய்கின்றது. அடியுண்டு வீழ்ந்த மயிலை நாய் கவ்விக் கொல்கின்றது. அதாவது, தாய் மகனைக் கொல்கின்றாள். மயிலின்மேல் அன்புடைய யசோமதி தான் சூதாடிய பலகையால் நாயை அடித்து வீழ்த்துகின்றான். பேரன் பாட்டியைக் கொல்கின்றான். அடுத்த பிறப்பில் தாய் பாம்பு. மகன் முள்ளம்பன்றி என்றும் கீரி என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. எவ்வாறாயினும், இம்முறை மகன் தாயைத் தின்கின்றான். மூன்றாவது பிறப்பில் தாய் சிப்பிரை ஆற்று முதலை. மகன் அதே ஆற்றின் மீன். அரண்மனைப் பணிப்பெண்ணை முதலை பற்றியமையால் மன்னன் வலைஞரை ஏவி அதனைக் கொல்விக்கின்றான். வலையில் உடன் அகப்பட்ட மீன்தான் முற்கூறிய சிரார்த்தத்திற்குச் சென்றது.

நான்காவது பிறப்பு சொல்லவும் கூசுவது. தாய் பெண்ணாடாகப் பிறக்க, மகன் அவள் வயிற்றிலேயே கிடாயாகப் பிறந்து வளர்ந்து அவளையே கூடுகின்றான். மற்றொரு கிடாய் முட்டி இறந்து, தன் விந்திலேயே தான் கருவாகி மீண்டும் அவள் வயிற்றில் உறைகின்றான். தனக்குத் தானே தந்தை, தனக்குத் தானே மகன். பிறவிச் சுழற்சியை விளக்கவந்த உவமைகள் எத்தனையோ உண்டு. இதனினும் கொடியது ஒன்றை யான் படித்ததில்லை. வேட்டைக்குச் சென்ற யசோமதியின் அம்பால் தாயாடு வீழ, வயிற்றினின்று எடுக்கப்பட்ட குட்டி அரண்மனையில் வளர்கின்றது. தாய் எருமையாகப் பிறந்து, அரச குதிரையைக் கொன்ற குற்றத்திற்காகச் சுடப்பட்டு மடிகின்றாள். தொழுநோயுற்ற அமிர்தமதி எருமையிறைச்சி வேண்டாது ஆட்டிறைச்சி கேட்க, உயிரோடிருக்கும் ஆட்டின் கால் ஒன்று அறுக்கப்படுகின்றது. முன்னாள் மனைவி முன்னாள் கணவனை உண்கின்றாள். ஆறாவது பிறப்பில் இருவரும் கோழியும் பேடையும் ஆகின்றனர். மாக்கோழியில் தொடங்கிய வினை கோழியில் வந்து முடிவதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ் நூலின் ஆசிரியர் இக்கொடுமைகளை நீட்டி வருணிக்கவில்லை. ஒரு பிறப்பிற்குச் சில பாடல்களே. பிறமொழி நூல்கள் பக்கம் பக்கமாக விரிக்குமிடத்தை அவர் விரைந்து கடக்கின்றார். இதனைக் கவித்திறக் குறைவென்பார் உளர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கணக்கன் ஏட்டைப் படிப்பதுபோல் அடுத்தது, அடுத்தது என்று செல்லும் அந்நடையிலேயே வினையின் இரக்கமின்மை புலப்படுகின்றது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் ஐஞ்சிறுகாப்பியம் நடத்துகையில் இக்கதையைச் சொல்லியிருக்கின்றேன். ஒவ்வோராண்டும் பின்வரிசையிலிருந்து எழும் வினா ஒன்றே: "ஐயா, மாவை வெட்டியதற்கா இத்தனை தண்டனை?" இது விளையாட்டு வினா அன்று, நியாயமான வினா. மனைவியைக் கொல்ல ஓங்கிய வாளை அடக்கிய பொறுமையாளன், உயிர்க்கோழியைக் கொல்ல மறுத்த அருளாளன், தாய்சொல் தட்டாத மகன். அவனுக்கு ஆறு விலங்குப் பிறப்புகளா?

நம் ஆசாரியர்கள் திரவிய இம்சை, பாவ இம்சை என இரண்டாகப் பகுப்பர். உயிரின் உடலைச் சிதைப்பது முன்னது. சிதைக்கும் எண்ணத்தால் தன் ஆன்மாவைத் தானே சிதைத்துக்கொள்வது பின்னது. அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், விருப்பு வெறுப்புகள் எழுவதே இம்சை, எழாமையே அகிம்சை என்னும் கருத்தை நிலைநாட்டுவார். யசோதரன் மாவை மாவென எண்ணி வெட்டவில்லை. கோழியென எண்ணி, தேவி ஏற்றுக்கொள்வாள் என எண்ணி வெட்டினான். அது அலறியதும் அவன் நடுங்கினான் அன்றோ? வெறும் மாவென்று மனம் முழுதும் நம்பியவனாயின் வாள் நழுவியிராது.

இவ்வினா மிகப் பழமையானது. சுவேதாம்பர ஆகமமாகிய சூத்திரகிருதாங்கத்தில், ஆர்த்திரக முனிவருடன் பௌத்தர் வாதிடும் பகுதி ஒன்றுண்டு. பிண்ணாக்கு உருண்டையை மனிதன் என்றெண்ணிக் குத்தினவன் கொலைக்குற்றம் உடையவன். சுரைக்காயைக் குழந்தை என்றெண்ணிச் சுட்டவனும் அவ்வாறே. ஆனால் மனிதனைப் பிண்ணாக்கென்றும் குழந்தையைச் சுரைக்காயென்றும் மயங்கிச் சுட்டவனுக்குக் குற்றம் இல்லை என்பது அங்குப் பௌத்தர் வாய்மொழியாக வருகின்றது. ஆர்த்திரகர் இதனை மறுக்கின்றார். அறியாமையை அறமாகக் கொள்ளல் ஆகாது என்பது அவர் கொள்கை. எதிர்க்கட்சியின் வாதத்தைச் சற்று ஏளனமாக அமைத்துக்கொள்வது அக்காலத்து எல்லாச் சமயத்தாரின் வழக்கம். பௌத்தர் நூல்களும் நம்மை அவ்வாறே செய்துள்ளன. அதனை ஒதுக்கிவிட்டு நோக்கினால், யசோதர காவியம் இப்பழைய வாதத்திற்கு முழுமையான விடையாக அமைந்திருப்பது விளங்கும். மாக்கோழி: எண்ணம் உண்டு, உயிர்க்கொலை இல்லை. மீன்விருந்து: உயிர்க்கொலை உண்டு, தந்தையைக் கொல்லும் எண்ணம் இல்லை. முன்னதனைச் செய்த தந்தையும் தப்பவில்லை. பின்னதனைச் செய்த மகனும் பழியற்றவனாகக் காட்டப்படவில்லை. எண்ணாமற் செய்தேன் என்பதும் செய்யாமல் எண்ணினேன் என்பதும் ஆகிய இருவாயில்களையும் ஒரே குடும்பத்துக் கதையால் அடைத்துவிட்டனர்.

ஆனால், இங்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. நீலகேசியின் தொடக்கத்தில், காளி கோயிலுக்கு உயிர்ப்பலி கொணர்ந்தவர்களை முனிசந்திரர் தடுத்து, மண்ணாற் செய்த உருவங்களை வைத்துச் செல்லுமாறு அறிவுறுத்துகின்றார். அவர்களும் அவ்வாறே செய்கின்றனர். அதனாற் சினந்த காளியின் தூண்டுதலால்தான் நீலி முனிவரை அச்சுறுத்த வருகின்றாள். மண்ணுருவம் அங்கு முனிவரே காட்டிய நல்வழி. மாவுருவம் இங்கு நரக வழி. இரண்டும் நம் நூல்களே. எவ்வாறு பொருந்தும்? மண்பாவையை எவரும் வெட்டவில்லை, வைத்துவிட்டுச் சென்றனர் என்பது ஒரு விடை. கொல்ல வந்தவர்கள் கொலையினின்று ஒருபடி இறங்கினர். கொல்லாதிருந்தவனோ கொலையை நோக்கி ஒருபடி ஏறினான் என்பது மற்றொரு விடை. பின்னதே எனக்குச் சிறப்பாகப் படுகின்றது. பொருள் ஒன்றாயினும், அதனைக் கையிலெடுத்தவர் எத்திசை நோக்கி நடக்கின்றார் என்பதையே இரு காவியங்களும் பார்க்கின்றன.

இவ்வினா நமக்கும் உரியதுதான். ஆயுத பூசை நாளில் கடைவாயிலில் பூசணிக்காயைத் துளையிட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் இட்டு, சூடம் ஏற்றிச் சுற்றி நடுத்தெருவில் உடைக்கும் வழக்கம் நம்மவர் கடைகளிலும் புகுந்துள்ளது. புதிய வண்டியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் அவ்வாறே. குங்குமம் எதற்கு? உடைந்த காயினின்று செந்நீர் வழியவேண்டும் என்பதற்கன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உடைப்பவர் மனத்தில் கொலை எண்ணம் இல்லை, பழக்கமே உண்டு என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்திற்கு வலிமை இல்லை என்று யான் சொல்லமாட்டேன். ஆனால், அவ்வாதம் சந்திரமதியின் வாதமே. அவளும் மகனைக் கொலைஞன் ஆக்க விரும்பியவள் அல்லள். அவன் நலத்தையே விரும்பினாள். காய் உடைந்து நடுச்சாலையிற் கிடக்க, இருசக்கர வண்டிகள் சறுக்கி வீழ்வது வேறு கேடு.

யசோதரன் கதை தனித்து நிற்பதன்று. ஏமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பரிசிட்ட பருவத்தில், சம்பு சுவாமி சொல்வதாக மகேசுவரதத்தன் கதை வருகின்றது. தாமிரலிப்தி நகரத்து வணிகனாகிய அவன், தந்தையின் சிரார்த்த நாளில் எருமை ஒன்றைக் கொன்று விருந்து செய்தான். மடியிற் குழந்தையை வைத்துக்கொண்டு, வாயிலில் நின்ற பெண்நாய்க்கு எலும்பை எறிந்தான். பிச்சைக்கு வந்த முனிவர் அதனைக் கண்டு வாளா திரும்பினார். பின்தொடர்ந்து கேட்டவனுக்கு அவர் உண்மை உரைத்தார்: கொன்ற எருமை உன் தந்தை, எலும்பு கடிக்கும் நாய் உன் தாய், மடியிலுள்ள குழந்தை, உன் மனைவியோடு இருந்தமையால் உன்னாற் கொல்லப்பட்டவன். தாய் தந்தையின் எலும்பைக் கடிக்க, பகைவனை மகனென முத்தமிடுகின்றான். ஒரு சிறு வீட்டின் முன்றிலில் அத்தனையும் அடங்கிவிட்டது.

இவற்றினும் உயர்ந்ததாக யான் கருதுவது சுகோசல முனிவர் வரலாறு. இரவிசேனரின் பத்மபுராணத்தில் அது விரிவாக உள்ளது. அந்நூல் 7ஆம் நூற்றாண்டினது. அயோத்தி மன்னன் கீர்த்திதரன், மகன் பிறந்ததும் அரசு துறந்து முனிவனானான். மகனும் அவ்வழிச் செல்வான் என அஞ்சிய தாய் சகதேவி, நகரில் முனிவர் எவரும் புகாதபடி துரத்துவித்தாள். கணவனையே ஒருநாள் அவ்வாறு துரத்தினாள். அது கண்டு செவிலி அழ, சுகோசலன் உண்மையுணர்ந்து தந்தையின் அடி சேர்ந்தான். துயரமும் சினமும் மாறாது இறந்த சகதேவி பெண்புலியாகப் பிறந்தாள். மழைக்காலத்து உண்ணாநோன்பு முடித்துத் தந்தையும் மகனும் மலையினின்று இறங்கும் வழியில் அப்புலி பாய்ந்தது. சுகோசல முனிவர் அசையாது காயோற்சர்க்கத்தில் நின்றார். தாய் மகனைத் தின்றாள், தின்னப்பட்டவர் வீடுபெற்றார். அதன்பின் கீர்த்திதர முனிவர் புலிக்கு, நீ எவன்பொருட்டு மனம் நொந்து இறந்தாயோ அவனையே தின்றாய் என உணர்த்த, அது உணவு துறந்து உயிர்நீத்து நற்கதி அடைந்தது. சிவாரியரின் பகவதி ஆராதனை, சல்லேகனை நோற்போர் மனந்தளராமைக்கு எடுத்துக்காட்டும் முனிவர் வரிசையில் இவரையும் வைத்துள்ளது. தாயன்பின் மிகுதியே மகனைத் தின்றது என்னும் இக்கருத்தை எண்ணுந்தோறும், பிள்ளைகளைத் தம் விருப்பப்படியே வாழவைக்க முயலும் பெற்றோர் சிலர் என் நினைவில் வருவர். அதனை விரிப்பது இங்கு வேண்டா.

அறிந்தே உண்ட கதையும் நம்மிடம் ஒன்றுண்டு. ஞாதாதர்மகதா என்னும் சுவேதாம்பர ஆகமத்தில், இராசகிருகத்து வணிகன் தன்னனின் மகள் சும்சுமாவைக் கள்வன் கவர்ந்து சென்று கொன்றுவிடுகின்றான். துரத்திச்சென்ற தந்தையும் ஐந்து மைந்தரும் காட்டில் பசியால் மடியும் நிலை. என்னை உண்டு நீங்கள் பிழையுங்கள் என்கின்றான் தந்தை. மைந்தர் ஒவ்வொருவரும் தம்மைக் கொடுக்க முன்வருகின்றனர். இறுதியில் இறந்த மகளின் உடலை உண்டு ஊர் சேர்கின்றனர். துறவியர் சுவை கருதாது, வழி கடப்பதற்கு மட்டுமே உணவு கொள்ளவேண்டும் என்பதற்கு அது உவமை. பௌத்தர்தம் சம்யுத்த நிகாயத்தும் பாலைவனத்தில் ஒரே மகனின் தசையை உண்டு கடந்த கணவன் மனைவியர் உவமை உள்ளது. இரு சமயத்தாரும் ஒரே மண்ணின் வறட்சியையும் வழிநடையையும் அறிந்தவர்கள் அல்லரோ!

யசோதரன் கதை நாட்டில் வழங்கிய வரலாறும் சிந்திக்கத்தக்கது. 8ஆம் நூற்றாண்டினராகிய அரிபத்திர சூரியின் பிராகிருத நூல் சமராதித்திய கதையில் அது ஒரு பகுதியாக உள்ளது. அதனைப் பெருங்காப்பியமாக்கியவர் சோமதேவ சூரி. அவருடைய யசஸ்திலகம் என்னும் வடமொழி நூல் சக ஆண்டு 881இல், அதாவது கி.பி. 959இல் நிறைவுற்றது. நூலிறுதியில் அவர் தரும் குறிப்பொன்று தமிழ்நாட்டாராகிய நாம் அறியவேண்டியது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், சோழர் முதலியோரை வென்று மேல்பாடியில் படைவீடு கொண்டிருந்த காலத்தில் அந்நூல் முடிந்தது என்கின்றார். அம்மேல்பாடி நம் வேலூர் மாவட்டத்ததே. கங்க மன்னன் இராசமல்லன் குடைவித்த அருகன் குகைத்தளம் அமைந்த வள்ளிமலை அதற்கு அண்மையில் உள்ளது. தக்கோலப் போரில் இராசாதித்த சோழன் யானைமேல் வீழ்ந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. அத்துணைக் குருதி சிந்திய ஆண்டுகளில், ஒரு மாக்கோழியை வெட்டியது பாவமா என்று ஒரு முனிவர் எண்ணாயிரம் நுணுக்கங்களோடு ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை என்னால் எளிதிற் கடந்துபோக இயலவில்லை. அரசர்கள் அந்நூலைக் கேட்டனரா, கேட்டு நாணினரா என்பது வேறு.

அவ்விராட்டிரகூடர் தலைநகர் மானியகேடத்தில், அமைச்சன் நன்னனின் ஆதரவில் புட்பதந்தர் அபப்பிரஞ்ச மொழியில் இக்கதையைப் பாடினார். 11ஆம் நூற்றாண்டில் வாதிராசர் வடமொழியில் சுருங்கப் பாடினார். 1209இல் ஹொய்சள வீரவல்லாளனின் அவைப்புலவர் ஜன்னர் கன்னடத்தில் யசோதர சரிதெ இயற்றினார். கன்னடத்தார் அதனை இன்றளவும் போற்றிப் பயில்கின்றனர். 1949இல் கிருஷ்ணகாந்த ஹாண்டிக்கி யசஸ்திலகத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலப் பெருநூல் சோலாப்பூரிலிருந்து வெளிவந்தது. கிரீஷ் கர்னாட் ஜன்னரின் கதையைக் கொண்டு 1980இல் மாக்கோழி என்னும் பொருள்படும் பெயரிலேயே கன்னட நாடகம் எழுதினார். அயலார் நாடகமாக்கி அரங்கேற்றிய கதையை, தமிழிற் காப்பியமாகவே பெற்றிருக்கும் நாம் நூலகத்தில் தூசி படிய விட்டிருக்கின்றோம். நம் இளைஞர் சங்கங்கள் இதனை ஒருமுறையேனும் மேடையேற்றலாம். ஆறு விலங்குப் பிறப்புகளுக்கு ஆறு முகமூடிகள் போதும், பொருட்செலவு மிகுதியன்று.

இனி, கதையின் எஞ்சிய பகுதி. கோழியும் பேடையும் சண்டகருமனின் காவலில் இருந்தன. அகம்பன முனிவர் அவனுக்கு அறம் உரைத்தபோது அவையும் கேட்டன. பழம்பிறப்பு உணர்ந்து மகிழ்ந்து கூவின. அண்மையிற் கூடாரத்தில் தேவியோடு இருந்த யசோமதி, ஒலி வந்த திசையில் அம்பெய்யும் தன் திறத்தைக் காட்ட விரும்பி எய்தான். இரண்டும் ஓரம்பில் மடிந்து, அத்தேவியின் வயிற்றிலேயே இரட்டைக் குழந்தைகளாகக் கருவாயின. தந்தை மகனுக்கு மகனானான். பாட்டி பேரனுக்கு மகளானாள். பின்னொருநாள் வேட்டைக்குச் சென்ற யசோமதி, எதிர்ப்பட்ட சுதத்த முனிவர்மேல் நாய்களை ஏவ, அவை முனிவரைத் தீண்டாது அடங்கி நின்றன. உடனிருந்த வணிகன் கல்யாணமித்திரன் முனிவரின் பெருமையை எடுத்துரைத்தான். மனம் திருந்திய மன்னன், என் தந்தையும் பாட்டியும் இப்போது எங்குள்ளனர் என்று வினவினான். மயில் முதலாக ஒவ்வொரு பிறப்பையும், ஒவ்வொன்றும் எவர் கையால் முடிந்தது என்பதையும் முனிவர் எடுத்துரைத்தார். அவ்விருவரும் இப்போது உன் மக்களாக உன் அரண்மனையில் விளையாடுகின்றனர் என்று முடித்தார்.

யசோமதி துறவு பூண்டான். அரசினை அபயருசிக்கு அளித்தான். அவனும் அதனை ஏலாது துறந்து, தங்கை அபயமதியோடு சுதத்தாசாரியரின் சங்கத்தைச் சேர்ந்தான். அச்சங்கம் ஊர் ஊராகச் சென்று இராசபுரத்துப் புறத்தே வந்து தங்கிய நாளில்தான், மாரிதத்தனின் பலிக்கு மனித இணை தேடிச் சண்டகருமன் அங்கு வந்தான்.